61 கட்டைக் கீபோர்டிலிருந்து கிராண்ட் பியானோ வரை: கிருஷ்ணகிரி மாணவி ஒருத்தியின் ஒன்பது வருடம் – நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 90 கி.மீ. சூளகிரி, ஒசூர், அத்திப்பள்ளி தாண்டி ஊருக்குள் நுழைய, நெரிசலைப் பொறுத்து இரண்டு மணி நேரமும் ஆகும், மூன்றும் ஆகும். இந்த ஆய்வில் வரும் மாணவி எட்டு வயதில் கீபோர்டைத் தொட்டாள். பதினேழாவது வயதில், சொந்த ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில், முக்கால் மணி நேரம் தாளைப் பார்க்காமல் கிராண்ட் பியானோவில் தனிக்கச்சேரி செய்தாள். இப்படிப்பட்ட வளர்ச்சியை எழுதுகிறவர்கள் விரல் வேகத்தைத்தான் பேசுவார்கள். அவளுடைய பயிற்சிக் குறிப்பேடுகளைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. கைக்குக் கீழே இருந்த கருவி மாறிய ஒவ்வொரு தடவையும் முதலில் விழுந்திருக்கிறாள். ஏழெட்டு மாதம் கழித்து ஏறியிருக்கிறாள். அதனால் இந்த ஆய்வைக் கருவிகளின் வரிசையிலேயே எழுதியிருக்கிறது. அடையாளம் தெரிய வேண்டாம் என்று, ஒரே பாதையில் போன சில மாணவர்களின் விவரங்களைக் கலந்து ஒருத்தியாக ஆக்கியிருக்கிறது.

முதல் கருவி: 61 கட்டை

அப்பாவுக்கு மாங்கூழ் ஆலையில் வேலை. சீசன் போனஸில் வாங்கிய கீபோர்டு அது. ஐந்து ஆக்டேவ் (ஸ்தாயி), ஸ்பிரிங் கட்டை, தானாகத் தாளம் போடும் ஸ்டைல், பக்கத்தில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டன். மூன்று வருடம் அதில் வாசித்தாள். தேவாலயச் சபையில் பாட்டுக்கு வாசிப்பாள். பள்ளி ஆண்டு விழாவில் பரிசும் உண்டு. பதினொன்றாவது வயதில் முறையாகச் சோதித்தபோது கண்டது இது: வலக்கை ராகத்தை நன்றாக எடுத்தது. இடக்கை மூன்று கட்டையை அமுக்கிப் பிடித்தபடி நின்றது, மற்றதை மெஷின் பார்த்துக்கொண்டது. எந்தப் பாட்டாக இருந்தாலும் சி மேஜரில் வாசித்துவிட்டு, பாடுகிறவரின் சுருதிக்கு டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்துவாள். அதாவது 12 ஸ்கேலில் ஒரே ஒரு ஸ்கேல்தான் கைக்குத் தெரியும். கறுப்புக் கட்டை அவளுக்கு விருந்தாளி மாதிரி.

நம் பக்கத்தில் கீபோர்டு கற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதே நோய். டிரான்ஸ்போஸ் பட்டன் சபைக்கும் மெல்லிசைக் குழுவுக்கும் பெரிய உபகாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பியானோவுக்குப் போக நினைக்கிற பிள்ளை முதல் நாளே அதன்மேல் ஒரு செல்லோடேப்பை ஒட்டிவிடுவது நல்லது.

இரண்டாவது நோய் உட்காரும் உயரம். கீபோர்டு சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. மேசை 75 செ.மீ., கீபோர்டு கனம் 10 செ.மீ.; கட்டையின் மேல்தளம் தரையிலிருந்து 85 செ.மீ. உயரத்தில். பியானோவில் அது 73 செ.மீ. வாக்கில்தான் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளைக்குத் தோள் காதை நோக்கி ஏறும், மணிக்கட்டு தொங்கும். மூன்று வருடம் அப்படி வாசித்த கையை இறக்கி வைக்க ஐந்து மாதம் பிடித்தது. சரியான அளவு எளிது: முழங்கை, வெள்ளைக் கட்டையின் மேல்தளத்துக்கு நேராக இருக்க வேண்டும், பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். கால் எட்டாத சின்னப் பிள்ளைக்கு மணைப்பலகை ஒன்று போதும்.

இரண்டாவது: 88 கட்டை டிஜிட்டல்

அரை லட்சத்தை ஒட்டிய விலையில் எடையுள்ள கட்டை கொண்ட டிஜிட்டல் பியானோ வந்தது. 52 வெள்ளை, 36 கறுப்பு. உண்மைப் பியானோவில் நடுப்பகுதிக் கட்டை ஒன்றை மெதுவாக இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை வேண்டும். இறங்கும் ஆழம் 10 மி.மீ. ஸ்பிரிங் கட்டை இதற்கு நேர்மாறு. மேலே இலகு, அடியில் போகப் போக எதிர்க்கும். ஸ்பிரிங்கில் பழகிய விரல் கட்டையின் அடியைத் தேடி அழுத்தும். பியானோவில் ஒலி பிறப்பது அடியில் இல்லை. தந்தியை அடிக்கும் சுத்தியல் பாதிக்குமேல் பறந்து, கட்டையிலிருந்து விடுபடும் நொடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு அழுத்துவது வெறும் வலி.

அந்த வலி அவளுக்கு ஆறாவது வாரத்தில் வந்தது. முன்கையின் மேற்புறம், முழங்கைக்குக் கீழே. தினமும் ஒரே மூச்சில் 70 நிமிடம் வாசித்திருக்கிறாள். பத்து நாள் கட்டையையே தொட விடவில்லை. பிறகு 15 நிமிடம் வாசிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று வெட்டியது. முதல் பயிற்சி ஐந்து சுரம் மட்டும்: ஒவ்வொரு சுரத்திலும் கையின் எடையை விரல் நுனியில் இறக்கிவிட்டு, ஒலி வந்தவுடன் மணிக்கட்டைத் தளர்த்துவது. விரலின் முதல் கணு உள்வாங்கிக் குழிந்தால் அந்தச் சுரம் கணக்கில் சேராது. இரண்டு மாதம் கழித்துத்தான் பாக்கின் இரு குரல் இன்வென்ஷன்களை (இரு கையும் தனித்தனி ராகம் வாசிக்கும் சிறு உருப்படிகள்) திறந்தது. மொத்தம் 15 உண்டு. சி மேஜரில் உள்ள முதலாவதைத் தவிர்த்துவிட்டு, வேண்டுமென்றே எஃப் மேஜரில் உள்ள எட்டாவதைக் கொடுத்தது. இடக்கை முதன்முறையாக வேலைக்குப் போனது அன்றைக்குத்தான். “மிஸ், ரெண்டு கையும் பேசுது, யார் பேச்சைக் கேக்குறது?” என்று கேட்டாள். கேள்வி சரியானதே. ஒரு குரலை வாயால் பாடிக்கொண்டு மற்றதை வாசிப்பதுதான் அதற்குப் பதில், இன்றைக்கும்.

பெடல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டிஜிட்டலோடு வருகிற சின்னத் தட்டைப் பெடல் வெறும் சுவிட்சு. மிதித்தால் உண்டு, விட்டால் இல்லை, நடுப்படி கிடையாது. பியானோவில் தந்தியின் அதிர்வை அடக்கும் டாம்பரைப் பாதி தூக்கினால் பாதி மங்கல், கால்வாசி தூக்கினால் ஒரு நிழல். இந்தப் படிகளை அறியக்கூடிய பெடலைத் தனியாக வாங்கிப் போடலாம். கருவி அதை ஏற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேர்வில் நடந்தது

பதின்மூன்றாவது வயதில், பிரிட்டன் இசைத் தேர்வு வாரியமான ஏ.பி.ஆர்.எஸ்.எம். நடத்தும் ஐந்தாம் கிரேடு. மதிப்பெண் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வருவது புரியும். மொத்தம் 150: மூன்று உருப்படிக்குத் தலா 30, ஸ்கேலுக்கு 21, சைட் ரீடிங்குக்கு (முன்பு பார்த்திராத தாளை உடனே வாசிப்பது) 21, ஆரலுக்கு (காதால் கேட்டுப் பதில் சொல்வது) 18. தேர்ச்சி 100, மெரிட் 120, டிஸ்டிங்ஷன் 130. அவளிடம் எல்லோரும் எதிர்பார்த்தது டிஸ்டிங்ஷன். வந்தது 108.

ஸ்கேலும் ஆரலும் நன்றாகவே இருந்தன. மதிப்பெண் போனது உருப்படிகளிலும் சைட் ரீடிங்கிலும். உருப்படியில் போன காரணம் நகைப்பாக இருக்கும்: வால்யூம் குமிழ். வீட்டில் அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு வேண்டாமென்று வால்யூமை எப்போதும் பாதியில் வைத்துப் பயிற்சி செய்திருக்கிறாள். பாதி வால்யூமில் ஃபோர்ட்டே (உரத்த ஒலி) கேட்க வேண்டுமானால் கட்டையை அறைய வேண்டும். அவள் கை அறையப் பழகிவிட்டது. தேர்வு அறையில் இருந்தது நிஜப் பியானோ, குமிழ் இல்லாதது. முதல் கார்டிலேயே (சேர்த்து ஒலிக்கும் சுரங்கள்) அறை அதிர்ந்தது. பயந்து கையைப் பின்வாங்க, அடுத்த நான்கு பட்டியில் (பார்) பாதிச் சுரங்கள் ஒலிக்கவேயில்லை. அதிலிருந்து மீளவில்லை. டிஜிட்டலில் படிக்கிறவர்கள் வால்யூமை எந்த இடத்தில் வைத்தால் நிஜப் பியானோவின் அளவு வருகிறதோ அங்கே பெயின்டால் ஒரு புள்ளி வைத்துவிட வேண்டும். ராத்திரி என்றால் ஹெட்ஃபோன்.

சைட் ரீடிங்கில் போனதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை, அ, ஆ கற்ற வயதில் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் சுரம் எழுதும் முறை) கற்கவில்லை. தாளில் ‘சி ஈ ஜி’ என்று எழுத்தில் எழுதிக் கொடுத்துப் பழக்கியதன் விலை. மருந்து: தினமும் எட்டுப் பட்டி, முன்பு பார்த்திராதது, தன் தேர்வைவிட இரண்டு கிரேடு குறைவானது, நிறுத்தாமல், தவறினாலும் திரும்பாமல். ஒரு வருடத்தில் 300 சொச்சம் துண்டுகள். பலன் அதன்பிறகுதான்.

ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் ஆறாம் கிரேடு முதல் எழுத ஐந்தாம் கிரேடு தியரியையோ அதற்கு ஈடாக ஏற்கும் தேர்வையோ தாண்டியிருக்க வேண்டும். இன்னொரு தேர்வு வாரியமான டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனாலேயே தியரியைத் தவிர்க்க டிரினிட்டிக்கு மாறுகிறவர்கள் உண்டு. தேர்வாக இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. ஆனால் தியரிக்குப் பயந்து மாறுவது வீண். பின்னால் வரப்போகும் மனப்பாடச் சிக்கலுக்கு மருந்தே தியரியில்தான் இருக்கிறது.

மூன்றாவது: சாமான் அறையில் கிடந்த அப்ரைட்

தேர்வு முடிந்த பிறகு, நிஜக் கருவி ஊரிலேயே வேண்டும் என்று தேடியதில் தேவாலயம் ஒன்றின் சாமான் அறையில் ஓர் அப்ரைட் (தந்திகள் செங்குத்தாக நிற்கும்) பியானோ அகப்பட்டது. உடைந்த பெஞ்சு, கிறிஸ்துமஸ் குடில் சாமான்களுக்குப் பின்னால் இருந்தது. பெங்களூரிலிருந்து ட்யூனர் (சுருதி சேர்ப்பவர்) வந்து கீழ்ப் பலகையைக் கழற்றினார். உள்ளே எலிக்கூடு. ஃபெல்ட்டைப் பிய்த்து மெத்தை போட்டிருந்தது. மெத்தைக்கு மேல்விரிப்பாகப் பாட்டுத்தாள் துண்டுகள். ட்யூனர் அதைப் பிடுங்கிப் போடவில்லை. முறத்தைப் பிடிக்கச் சொல்லி மெதுவாக அள்ளினார். கூட்டோடு சேர்ந்து சின்ன மரத்துண்டுகள் வரும், அவை பியானோவின் பாகங்களாக இருக்கலாம் என்றார். இரண்டு இருந்தன.

நிலைமை அறிக்கை இது. நடு ஏ 440 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 427 சொச்சம். அதாவது அரைச் சுரத்தில் பாதி இறங்கியிருந்தது. தந்திகளில் மேல்துரு, ஆனால் பள்ளம் விழவில்லை. ட்யூனிங் ஆணிகள் பெரும்பாலும் இறுக்கம், கீழ் ஸ்தாயியில் ஏழு மட்டும் தளர்வு. பதினாறு கட்டைகள் இறங்கினால் ஏறவில்லை. ஒலிப்பலகையில் ஒரு விரிசல்; அது அதிரவில்லை என்பதால் அப்படியே விட்டது. விரிசல் என்றவுடன் பியானோ போய்விட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு; கிர்ர் என்ற சத்தம் வராதவரை விரிசலோடு பல வருடம் ஓடும். ட்யூனிங் ஆணிகள் பதிந்திருக்கும் ஆணிப்பலகை பிளந்திருந்தால்தான் கையைக் கழுவ வேண்டும்.

வேலை செய்த வரிசையும் முக்கியம். முதலில் சுத்தம், பூச்சி நீக்கம். பிறகு கட்டைகளை எண் போட்டுக் கழற்றி, உப்பிப்போன ஃபெல்ட் புஷிங்கை இடுக்கியால் அமுக்கித் தளர்த்துவது. சுத்தியலின் அச்சு ஊசி இறுகிய இடங்களில் ஊசியை மாற்றுவது. தளர்ந்த ஏழு ஆணிக்கு ஒரு அளவு தடித்த ஆணி. கடைசியில்தான் ட்யூனிங், அதுவும் ஒரே நாளில் 440-க்கு ஏற்றுவது கிடையாது. ஒரு பியானோவில் 220-க்கு மேல் தந்திகள்; மொத்த இழுவை 18, 20 டன். மேல் ஸ்தாயியை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே இரும்புச் சட்டமும் ஒலிப்பலகையும் அந்தச் சுமைக்கு இடம் கொடுத்து, முன்பு ஏற்றிய கீழ் ஸ்தாயி இறங்கிவிடும். துருப்பிடித்த தந்தி அறுபடும் அபாயமும் உண்டு. அதனால் முதல் நாள் கரடுமுரடாக ஏற்றுவது, மூன்று வாரம் விடுவது, மறுபடி, மறுபடி. நான்கு மாதத்தில் மூன்று தடவை. இரண்டு தந்திகள் அறுந்தன.

இடையில் அந்த நான்கு மாதமும் மாணவியின் காதுக்குச் சோதனை. வீட்டில் டிஜிட்டல் 440, தேவாலயத்தில் அதற்குக் கொஞ்சம் கீழே. ஏதோ ஒரு சுரத்தை மிதிப்பது மாதிரி இருக்கிறது என்று அழுதாள். அதுவரை அப்ரைட்டில் ஸ்கேலும் தொடுகை வேலையும் மட்டும் என்று பிரித்ததில் சமாளித்தது.

நம் ஊர் வெயிலும் மழையும் பியானோவுக்கு ஒத்துவராது. சித்திரை மதியத்தில் மரம் காய்ந்து சுருங்கும், சுருதி இறங்கும். ஐப்பசி மழையில் ஒலிப்பலகை ஊதும், சுருதி ஏறும், கட்டை ஒட்டும். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தால் போதும். சில நூறு ரூபாயில் ஈரப்பத மானி கிடைக்கிறது, அதை வாங்கிப் பியானோமேல் வைப்பது முதல் செலவு. வெயில் படும் சுவர், ஜன்னலடி, வெளிச்சுவர் மூன்றும் ஆகாது. மழைக்காலத்தில் கீழ்ப் பலகைக்குள் சின்னக் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுவது பழைய முறை. தந்தியையோ மரத்தையோ தொடாமல், காய்ந்த காலத்தில் மறக்காமல் அணைத்து. வருடத்துக்கு இரண்டு ட்யூனிங், தை மாதம் ஒன்று, ஆடி முடிந்து ஒன்று என்று வைத்துக்கொண்டார்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வருடத்தில் பயிற்சி தினமும் 45 நிமிடமாகச் சுருங்கியது. வீட்டில் முழுதாக நிறுத்தச் சொன்னார்கள். அவள் அத்தைதான், “பரீட்சைக்குப் பயந்து சாப்பாட்டையும் நிறுத்துவீங்களா?” என்று கேட்டு வாயை அடைத்தார். அந்த 45 நிமிடமும் பழைய உருப்படிகளுக்குத்தான், புதிதாக எதுவும் எடுக்கவில்லை.

நான்காவது: சனிக்கிழமைப் பெங்களூரு

பதினாறு வயதில், சனிக்கிழமை தோறும் பெங்களூரில் கிராண்ட் பியானோ உள்ள ஆசிரியரிடம் இரண்டு மணி நேரம். காலை ஐந்தரை பஸ், மாலை நான்கு மணிக்குத் திரும்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு. போன முதல் நாளே மறுபடி விழுந்தாள்.

அவள் அப்போது வாசித்துக்கொண்டிருந்தது ஸ்கார்லட்டியின் டி மைனர் சொனாட்டா, கே. 141. ஒரே சுரத்தைப் பட்டிக்கு ஆறு தடவை அடுக்கடுக்காகத் தட்டும் உருப்படி. விரல் 3-2-1, 3-2-1 என்று மாறி மாறி. ஊர் அப்ரைட்டில் குவேவர் (இங்கே இரண்டு தட்டு சேர்ந்த அளவு) நிமிடத்துக்கு 180-க்கு மேல் போனால் சுரங்கள் விழுங்கப்பட்டன. விரல் போதவில்லை என்று ஏழு மாதம் விரலைத் திட்டிக்கொண்டிருந்தது. உண்மையில் தடை பியானோவில் இருந்தது. அப்ரைட்டில் கட்டை ஏறக்குறைய முழுதாக மேலே வந்தால்தான் அடுத்த தட்டு பிடிக்கும். நொடிக்கு ஏழு தட்டுக்கு மேல் சிரமம். குவேவர் 200 என்றால் நொடிக்கு ஏழை ஒட்டி வந்துவிடுகிறது. கிராண்டில் கட்டை பாதி ஏறினாலே சுத்தியல் மறுபடி தயார். 1821-இல் பியானோ தயாரிப்பாளர் எரார் காப்புரிமை பெற்ற இரட்டை எஸ்கேப்மென்ட் என்ற ஏற்பாட்டின் வேலை அது. கிராண்டில் உட்கார்ந்த இருபதாவது நிமிடத்தில் 200-ஐத் தொட்டாள்.

அப்படியானால் விழுந்தது எங்கே? பிராம்ஸில். ஓபஸ் 118-இன் இரண்டாவது, ஏ மேஜர் இன்டர்மெட்சோ. ஊரில் மென்மையான இடம் வந்தால் இடப் பெடலை மிதித்துவிடுவாள். அப்ரைட்டில் அந்தப் பெடல் சுத்தியல்களைத் தந்திக்கு அருகே தள்ளும். ஒலி குறையும், நிறம் மாறாது. கிராண்டில் அது சுத்தியல் வரிசையையே பக்கவாட்டில் நகர்த்தி, மூன்று தந்திக்குப் பதில் இரண்டில் அடிக்க வைக்கும், நிறமே மாறிவிடும். மிதித்த இடமெல்லாம் மேல் குரல் போர்வைக்குள் போனது. அடுத்த மூன்று மாதம் இடப் பெடலுக்குத் தடை. மென்மையை விரலிலேயே கண்டுபிடிக்கச் சொன்னதில், ஒரு கார்டில் ஐந்தாம் விரலை மட்டும் கனமாக்கி மற்ற மூன்றையும் இலகுவாக்கும் வேலை தொடங்கியது. சுரங்களைச் சேர்த்து அடிக்காமல், மேல் சுரத்தை அழுத்தமாகப் பிடித்துக்கொண்டு மற்றதை ஒலி வராமல் தொட்டு எழுவது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒலியைச் சேர்ப்பது. இந்த ஆய்வில் ஏதாவது ஒரு பயிற்சியைப் பிய்த்து எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளலாம்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. 2019-இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற காணொளியை ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. பிள்ளையும் அப்படி வேகமாக வாசிக்குமா என்பதுதான் பெற்றோரின் முதல் கேள்வி. இன்னும் கொஞ்சம் தெரிந்தவர்கள் யுன்சான் லிம்மைக் காட்டுவார்கள். 2022-இல் டெக்சஸ் மாநில ஃபோர்ட்வொர்த்தில் நடக்கும் கிளைபர்ன் போட்டியை 18 வயதில் வென்ற கொரியப் பையன், அந்தப் போட்டியை வென்றவர்களில் வரலாற்றிலேயே இளையவர். அரையிறுதியில் லிஸ்ட்டின் 12 டிரான்சென்டென்டல் எட்யூடுகளையும் ஒரே மூச்சில் வாசித்தவர். அவர் பியானோ தொடங்கியது ஏழு வயதில், நம் மாணவியைவிட ஒரே வருடம் முன்னால். ஆனால் அவர் பதின்ம வயதிலேயே திறமையுள்ள பிள்ளைகளுக்கென்று நடக்கும் தேசியக் கலைப் பயிற்சி நிலையத்துக்குள் போய்விட்டார். நம் மாணவிக்கு அதே வயதில் கிடைத்தது வால்யூம் குமிழ். வித்தியாசத்தை விரலில் தேடிப் பிள்ளையைத் திட்டுவதில் நியாயமில்லை.

மனப்பாடம்: வழி தவறும் இடங்கள்

கச்சேரியின் நடு உருப்படி பேத்தோவனின் ‘பத்தேத்திக்’, ஓபஸ் 13, சி மைனர். ஏறத்தாழ 19 நிமிடம். இதில் கைக்கு உள்ள ஆபத்து முதல் பகுதியின் இடக்கை ஆக்டேவ் நடுக்கம். விரலால் மாற்றி மாற்றித் தட்டினால் ஒரு பக்கம் முடிவதற்குள் முன்கை இறுகிவிடும். கதவுக் குமிழைத் திருகுகிற மாதிரி முன்கையைச் சுழற்ற வேண்டும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் சும்மா கூடப் போகும். ஓர் ஆக்டேவின் அகலம் 16.5 செ.மீ.; சின்னக் கைக்கு அதை விரித்தபடியே வைத்திருப்பதுதான் களைப்பு. ஆகவே ஒவ்வொரு பட்டி மாறும் இடத்திலும் கையை ஒரு நொடி சுருக்கி மூடச் சொன்னது.

நினைவுக்கு உள்ள ஆபத்து இன்னும் பெரிது. முதல் பகுதியில் இரண்டாவது தீம் முதலில் ஈ ஃபிளாட் மைனரில் வரும். பின்பாதியில் அதே தீம் எஃப் மைனரில் தொடங்கிச் சி மைனருக்குப் போகும். கைக்கு வடிவம் ஒன்றுபோலவே இருப்பதால், கவனம் தப்பினால் முதல் வழியிலேயே இறங்கிவிடும். இறங்கினால் திரும்பவும் ஆரம்பத்துக்கே கொண்டுபோய் விடும். சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்க வேண்டியதுதான். கடைசிப் பகுதி ரோண்டோ. தலைமைத் தீம் நான்கு முறை வரும், ஒவ்வொரு முறையும் வெளியேறும் கதவு வேறு.

இதற்குச் செய்தது: மூன்று பகுதிகளிலும் சேர்த்து 22 இடங்களில் எண் போட்டது. ஒவ்வொரு எண்ணிலும் எந்த ஸ்கேல், இடக்கையின் முதல் சுரம் எது, எந்த விரல், மூன்றையும் வாயால் சொல்ல வேண்டும். பிறகு சீட்டுக் குலுக்கி எடுத்த எண்ணிலிருந்து தொடங்கி வாசிப்பது. முதல் வாரம் 22-இல் ஒன்பதில்தான் தொடங்க முடிந்தது. தொடக்கத்திலிருந்து வாசித்தால் முழுதும் வரும், நடுவில் விட்டால் வராது. அந்த மனப்பாடம் கையில் இருக்கிறதே தவிரத் தலையில் இல்லை. நான்காவது மாதம் 22-உம் வந்தன. கச்சேரிக்கு முந்தைய மாதம் பின்னிருந்து முன்னாக, 22, 21, 20 என்று.

மண்டபம்

தேதி ஆடி மாதத்தில். முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் மலிவு, பக்கத்து மண்டபத்தில் மேளமும் வெடியும் இருக்காது. அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் இருக்கும் என்பதால் வெள்ளி, ஞாயிறு தவிர்த்துச் சனிக்கிழமை. மாங்கனிக் கண்காட்சி நாள்களோடும் மோதாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பெங்களூரிலிருந்து வாடகைக்கு வந்தது இரண்டு மீட்டரை ஒட்டிய கிராண்ட், எடை 350 கிலோ வாக்கில். ஏற்றி இறக்கும் முறை: மூடியைக் கழற்று, பெடல் தொகுதியைக் கழற்று, நேர்ப்பக்கத்து முன்காலைக் கழற்றி அந்தப் பக்கமாகச் சாய்த்து, கம்பளி சுற்றிய சறுக்குப் பலகையில் நிறுத்து, மற்ற இரண்டு காலையும் கடைசியில் எடு. உள்ளூரில் உதவிக்கு வந்தவர்கள் கிரானைட் பட்டறையில் பலகைக்கல் ஏற்றுகிறவர்கள். எடைக்கு அஞ்சாதவர்கள், ஆனால் சங்கிலியைப் போட்டு இறுக்கப் பார்த்தார்கள். பட்டை பெல்ட்டுதான், அதுவும் பியானோவின் உடம்பில், அதன் காலில் கூடாது. 90 செ.மீ. மேடைக்குப் பலகைச் சரிவு போட்டு ஏற்றியது அவர்கள் யோசனை, அருமையாக இருந்தது.

மண்டபத்தின் தரை கிரானைட், சுவர் பாதி டைல்ஸ். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினால் ஒலி ஓய மூன்று நொடிக்கு மேல். சி மைனர் கார்டு ஒன்று அடுத்த பட்டிக்குள் வழிந்தது. பவானி ஜமக்காளம் பதினைந்து வாங்கி நடைபாதை நெடுகவும் மேடைக்கு முன்னாலும் விரித்ததில் பாதி அடங்கியது. மீதியை ஜனம் அடக்கும் என்று விட்டார்கள். அவளும் பெடலை வீட்டில் வாசித்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்தாள். மைக் செட்காரர் மைக்கும் எக்கோவும் வைத்தே தீருவேன் என்றார். அவரை அறிவிப்புக்கு மட்டும் என்று சமாதானப்படுத்த அரை மணி நேரம். ஏ.சி.யைக் காலை பத்துக்கே போட்டது. மாலை ஆறுக்குப் போட்டால் மதியம் ட்யூன் செய்த தந்தி குளிரில் ஏறும், பிறகு மேடை விளக்குச் சூட்டில் இறங்கும். ட்யூனிங் காலையில் ஒன்று, ஒத்திகைக்குப் பின் சின்னத் திருத்தம் ஒன்று.

வரிசை: ஸ்கார்லட்டி, பாக்கின் சி மைனர் பிரிலூடும் ஃபியூகும், பேத்தோவன், பிராம்ஸ், ஷோப்பானின் ஓபஸ் 27 எண் 2 நாக்டர்ன், பார்டோக்கின் ருமேனிய நாட்டுப்புற நடனங்கள் ஆறு. கடைசியில் பார்டோக் வைத்தது நல்ல முடிவு. ஐந்தாறு நிமிடத்தில் ஆறு நடனம் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நடந்த இரண்டு சங்கதிகள். பேத்தோவனின் முதல் பகுதி முடிந்ததும் தாமதமாக வந்த சிறப்பு விருந்தினர், கையில் பொன்னாடையோடு மேடைப்படியில் காலை வைத்துவிட்டார். இதை எதிர்பார்த்துப் பக்கவாட்டில் ஓர் ஆளை நிறுத்தியிருந்தது. “அண்ணே, இன்னும் ரெண்டு பாகம் இருக்குது, முடிஞ்சதும் நீங்களே போத்துங்க” என்று தோளைத் தொட்டு அழைத்துப் போனார். அவள் மடியில் கையை வைத்தபடி பத்து விநாடி இருந்துவிட்டு, இரண்டாம் பகுதியை எடுத்தாள். இரண்டாவது, ரோண்டோவில். மூன்றாவது முறை தலைமைத் தீம் முடியும் இடத்தில் பின்வரிசையில் ஒரு நாற்காலி கிரானைட்டில் கிறீச்சிட்டது. கை முதல் கதவில் இறங்கியது. இரண்டு பட்டி தவறான வழி. இடக்கை நின்றது, வலக்கை ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டது, 20-ஆம் எண்ணுக்குத் தாவினாள். சுமார் ஆறு பட்டி காணாமல் போனது. கூட்டத்தில் அது தெரிந்தது இரண்டு பேருக்கு.

அடுத்தது

எட்டாம் கிரேடில் 134 வாங்கியிருக்கிறாள். சைட் ரீடிங் 21-க்கு 18. சென்னையிலோ பெங்களூரிலோ தினமும் கிராண்ட் அறை கிடைக்கும் இடமாகப் பார்க்கிறார்கள். கட்டணத்தைவிட முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் அந்த அறை என்பது. இதுவரை அவள் எந்த இசைக்குழுவோடும் சேர்ந்து வாசித்ததில்லை. கான்செர்ட் பியானிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள கான்செர்ட்டோ (இசைக்குழுவோடு தனிக்கருவி வாசிக்கும் உருப்படி) வேண்டும். மொசார்ட்டின் ஏ மேஜர் கான்செர்ட்டோ, கே. 414-ஐ எடுத்திருக்கிறாள். முழு இசைக்குழு இல்லாவிட்டாலும் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ இருந்தால் வாசிக்கலாம் என்றே மொசார்ட் அமைத்தது. நான்கு பேரைப் பெங்களூரில் பிடித்தாயிற்று. முதல் ஒத்திகை புரட்டாசியில், தேவாலய அப்ரைட்டில். வயலின்காரர்கள் 440-க்கே சுருதி சேர்க்கச் சம்மதித்திருக்கிறார்கள், மழை முந்திக்கொள்ளாத வரை.